பெயர் எழுதப்படாத ஒளிநாடாக்கள்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளில் வரவேற்பறை அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் கண்ணிற்படும். கறுப்புப் பெட்டிகளாக அடுக்கப்பட்ட வீ.எச்.எஸ். ஒளிநாடாக்கள். சிலவற்றின் முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில் 'கலியாணம்' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். யாருடைய கலியாணம், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பவை எழுதப்பட்டிரா. எழுதிய காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. வீட்டிலிருந்த அனைவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒளிநாடாக்களும் அவர்களோடு சேர்ந்து முதுமையடைகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் நமக்குக் கிடைத்திருக்கும் சிறு கால அவகாசத்தில், ஒரு சாதாரணக் கணனியையும் விலையின்றிக் கிடைக்கும் ஒரு மென்பொருளையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதை எழுதுபவன் கணனித் துறை நிபுணன் அல்லன். ரொறொன்ரோவில் உள்ள என் வீட்டில் இருந்த 31 ஒளிநாடாக்களையும் 14 இறுவட்டுகளையும் ஒழுங்குபடுத்தப் புறப்பட்டு, ஒன்றைத் தொலைத்து, பின்னர் அதை வேறொரு நாட்டில் கண்டெடுத்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

ஒரே குடும்பம், மூன்று முறைமைகள்

எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து தொண்ணூறுகளின் இறுதிவரை இந்த ஒளிநாடாக்கள் எமக்கு வெறும் நினைவுப் பொருட்களாக இருக்கவில்லை. அவை கடிதங்களாக இருந்தன. அகதி விண்ணப்பம் முடிவாகாத தம்பி ஜேர்மனியில் இருப்பார். தங்கையின் திருமணம் கொழும்பில் நடக்கும். பயணப் பத்திரம் இல்லாதவர் எப்படிப் போவார்? இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவரின் பயணப் பெட்டிக்குள் வந்து சேரும் ஒளிநாடாவில்தான் அவர் தாலி கட்டுவதைப் பார்ப்பார். திருமணம் மட்டுமா? பெற்ற தாயின் இறுதிக் கிரியைகளையும் அவ்வாறே பார்த்தவர்கள் எம்மிடையே அநேகர். செத்தவீட்டை ஒளிப்பதிவு செய்வதா என்று முகம் சுளித்த பிற நாட்டு நண்பர் ஒருவருக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

ஆனால் கடிதம் எல்லா நாட்டிலும் ஒரேவிதமாக வாசிக்கப்படும், ஒளிநாடா அப்படியன்று. இலங்கையும் ஜேர்மனியும் பிரித்தானியாவும் 'பால்' முறைமையைப் பின்பற்றின. பிரான்சு 'செக்காம்' முறைமையை வைத்திருந்தது. கனடாவும் அமெரிக்காவும் 'என்.டி.எஸ்.சி.' முறைமையில் இருந்தன. பால் முறைமையில் ஒரு படச்சட்டம் 625 கோடுகளால் ஆனது. ஒரு விநாடிக்கு 25 சட்டங்கள். என்.டி.எஸ்.சி. முறைமையில் 525 கோடுகள். விநாடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். எனவே கொழும்பிலிருந்து வந்த ஒளிநாடாவைக் கனடாவில் வாங்கிய 'டெக்'கில் போட்டால் படம் உருண்டு உருண்டு ஓடும். முகம் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு தமிழ்க் கடைக்குப் போய், பணம் கொடுத்து, முறைமை மாற்றிப் பிரதியெடுத்து வந்து பார்த்தோம். மாற்றும்போது கோடுகளின் எண்ணிக்கை குறைந்தது. இல்லாத சட்டங்கள் இட்டு நிரப்பப்பட்டன. மாற்றிய பிரதியிலிருந்து இன்னொரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று என்று சுற்றத்தாரிடையே பரவியபோது ஒவ்வொரு தலைமுறைப் பிரதியிலும் படம் மேலும் மங்கியது. மூல ஒளிநாடா எந்த நாட்டில், எந்த வீட்டில் தங்கியது என்பதை அந்நேரத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை.

இன்று அந்த ஒளிநாடாக்களின் நிலை என்ன? காந்தப் பூச்சு காலத்தால் தளர்கிறது. நாடாவைப் பிணைத்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கெடுகிறது. நிலவறையில் வைத்தவற்றில் பூஞ்சணம் படிகிறது. நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் வேண்டும். வீ.எச்.எஸ். இயந்திரங்களை இறுதிவரை தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 ஜூலையில் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆவணமொன்று, காந்த நாடாக்களை இலக்கமுறைக்கு மாற்றுவதற்கான இறுதி எல்லையாக 2025ஆம் ஆண்டைக் குறித்தது. ஓர் அரசாங்கக் காப்பகத்தின் குளிரூட்டிய அறைகளில் இருந்த நாடாக்களுக்கே அந்த எல்லை. எமது அலுமாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை, இருப்பவற்றை இலக்கமுறைக்கு மாற்றுவது. இதைக் கடையிற் கொடுத்தும் செய்யலாம்; பழைய இயந்திரம் ஒன்றும் ஒரு சிறு இணைப்புக் கருவியும் இருந்தால் வீட்டிலும் செய்யலாம். இதைப்பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மாற்றி முடித்த பின்னர் வருகின்ற குழப்பமே என் பொருள். அலுமாரியில் இருந்த ஒழுங்கின்மை அப்படியே வன்தட்டுக்குள் குடிபெயர்ந்துவிடுகிறது. அலுமாரியிலாவது பெட்டியின் நிறமும் கீறலும் அடையாளம் சொல்லின. வன்தட்டில் எல்லாமே 'வீடியோ 1', 'வீடியோ 2', 'புதியது', 'புதியது பிரதி' என்றே கிடக்கின்றன.

கறுப்புத் திரை

கணனியில் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதற்கு அழகிய படங்களோடும் பொத்தான்களோடும் கூடிய செயலிகள் பல உள்ளன. அவற்றுட் சிலவற்றை நானும் முயன்று பார்த்தேன். அவை திரைப்படங்களை அடுக்குவதற்கு நல்லவை. படத்தின் பெயரைக் கொண்டு இணையத்தில் தேடி, நடிகர் பட்டியலையும் சுவரொட்டியையும் தாமே கொண்டு வந்து ஒட்டிவிடும். ஆனால் சின்ன மாமியின் கலியாணத்துக்கு இணையத்தில் நடிகர் பட்டியல் கிடையாது. மேலும், செயலிக்குள் நாம் எழுதி வைக்கும் குறிப்புகள் அச்செயலியின் சொந்தக் களஞ்சியத்தில் தங்கிவிடுகின்றன. செயலி மறைந்தால் குறிப்பும் மறையும்.

இதனாற்றான் கட்டளை வரிக்கு வந்து சேர்ந்தேன். 'டொஸ்' காலத்தில் கணனி பழகியவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும். பொத்தான் இல்லை, படம் இல்லை. சொல்லைத் தட்டினால் செய்யும். பிழையாகத் தட்டினாலும் தயங்காமற் செய்யும் என்பதைப் பின்னர் அனுபவத்தால் அறிந்தேன்.

நான் பயன்படுத்திய கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெலார் என்னும் நிரலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி இது. இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதைப் பேணி வளர்க்கின்றனர். விலை கிடையாது. விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். ஒளிப்படக் கோப்புகளைத் திறக்கவும் வெட்டவும் ஒட்டவும் வடிவம் மாற்றவும் வல்லது. நாம் பார்க்கும் பல காணொலிச் செயலிகளின் உள்ளே, வெளியே பெயர் தெரியாமல் இயங்குவதும் இதுவே.

அதன் கட்டளை ஒரு வாக்கியம் போன்றது. முதலில் கருவியின் பெயர். அடுத்து எந்தக் கோப்பை எடுப்பது. அடுத்து என்ன செய்வது. கடைசியில் எந்தப் பெயரில் வைப்பது. இந்த நான்கையும் வரிசையாகத் தட்டினால் வேலை முடிந்தது. மூன்று மணிநேரப் பதிவின் முதற் பத்து நிமிடம் வெறும் நீலத்திரை என்றால், பத்தாவது நிமிடத்திலிருந்து எடு, மறுபடி சுருக்காதே, உள்ளதை உள்ளபடியே பிரதிசெய் என்று எழுதலாம். அந்த 'உள்ளபடியே பிரதிசெய்' என்ற சொல்லை வாசகர்கள் மறக்கவேண்டாம். அது இல்லாவிடின் கருவி படத்தை மறுபடி சுருக்கி எழுதும். தரம் மேலும் குறையும். ஒளிநாடாக் காலத்தில் ஒவ்வொரு பிரதியிலும் நாம் இழந்ததை இலக்கக் காலத்திலும் இழப்பதற்கு நியாயம் இல்லை.

நான் இழைத்த தவறு

பதினான்கு இறுவட்டுகள் இருந்தன என்றேன். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஒளிநாடாவை டிவிடி ஆக்கினால் என்றைக்கும் அழியாது என்று நம்பி நாம் எல்லோரும் மாற்றி வைத்தவை அவை. டிவிடி இறுவட்டில் ஒளிப்படம் ஒரே கோப்பாக இராது. ஒரு கிகாபைற் அளவான துண்டுகளாக இருக்கும். அத்துண்டுகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை டிவிடி தரநிலையே விதித்துள்ளது. ஆகையால் உலகிலுள்ள எந்த டிவிடியை எடுத்தாலும் முதற் துண்டின் பெயரும் ஒன்றே, இரண்டாம் துண்டின் பெயரும் ஒன்றே.

எனக்கு அது தெரியாது. இறுவட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, உள்ளேயிருக்கும் துண்டுகளையெல்லாம் வன்தட்டின் ஒரே கோப்புறைக்குள் பிரதிசெய்யுமாறு ஒற்றை வரிக் கட்டளை எழுதினேன். இரண்டாம் இறுவட்டின் முதற் துண்டு, முதலாம் இறுவட்டின் முதற் துண்டின் மேல் எழுதப்பட்டது. மூன்றாவது அதன்மேல். கட்டளை ஒரு தடவையேனும் 'மேலெழுதலாமா' என்று கேட்கவில்லை. இரவு முழுவதும் வேலை செய்து காலையில் திறந்து பார்த்தபோது, பதினான்கு இறுவட்டுகளுக்குரிய இடத்தில் நான்கே கோப்புகள் இருந்தன.

இறுவட்டுகள் கையில்தானே இருக்கின்றன, மறுபடி போட்டால் ஆயிற்று என்று எண்ணினேன். பதின்மூன்றும் மறுபடி வந்தன. ஒன்று வரவில்லை. 1998ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் நடந்த அப்பாச்சியின் செத்தவீடு அது. முதல் தடவை அரை மணிநேரம் முக்கி முனகி வாசித்த கணனி, இரண்டாந் தடவை இறுவட்டை அடையாளம் காணவே மறுத்துவிட்டது. எஞ்சியது நாலாந் துண்டு மட்டுமே. பின்னர் வந்த இறுவட்டுகளில் மூன்று துண்டுகளே இருந்தமையால் அந்த நாலாம் துண்டின்மேல் எதுவும் எழுதப்படவில்லை. பன்னிரண்டு நிமிடம். ஊர்வலம் புறப்பட்ட பின்னர் வெறுமையாகிவிட்ட முற்றமும், கதிரைகளை அடுக்கும் இளைஞர் இருவரும். அப்பாச்சியின் முகம் அதில் இல்லை.

இதனை அப்பாவிடம் சொல்வதற்கு எனக்கு மூன்று நாள் சென்றது.

பிரதிசெய்யும் கட்டளைக்கும் பெயர் மாற்றும் கட்டளைக்கும், ஏற்கெனவே உள்ளதன்மேல் எழுதாதே என்று சொல்லும் ஓர் ஒற்றை எழுத்துத் தெரிவு உண்டு. லினக்ஸிலும் மக்கிலும் அதைச் சேர்த்தே தட்டுவது என்று அன்றிலிருந்து வழக்கமாக்கிக் கொண்டேன். அதனினும் முக்கியமான ஒரு பழக்கம்: பெருங் கட்டளை எதையும் முதலில் ஒத்திகை பார்ப்பது. 'எக்கோ' என்றொரு சொல் உண்டு. கட்டளையின் முன்னால் அதை இட்டால், கணனி எதையும் செய்யாது. செய்யவிருப்பதைத் திரையில் எழுதிக் காட்டும். நூறு வரிகளையும் கண்ணால் வாசித்து, சரியென்று கண்ட பின்னரே அச்சொல்லை நீக்கிவிட்டு மறுபடி இயக்க வேண்டும். அன்று அந்த ஒரு சொல்லை இட்டிருந்தேனாயின், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பத்தே விநாடியிற் கண்டிருப்பேன்.

ஜேர்மனியிலிருந்து வந்த பிரதி

எங்கள் குடும்ப ஒளிநாடாக்கள் கடிதங்களைப் போல ஊர் ஊராகச் சென்றவை என்று முன்னர் குறிப்பிட்டேன். அது இங்கே கைகொடுத்தது. ஜேர்மனியில் உள்ள சித்தப்பாவின் வீட்டு நிலவறையில் ஐந்து ஒளிநாடாக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று அப்பாச்சியின் செத்தவீடு. சித்தப்பாவால் அன்று போகமுடியவில்லை. ஆகவே கொழும்பிலிருந்து நேராக அவருக்கே முதற் பிரதி அனுப்பப்பட்டிருந்தது. எங்களுக்கு வந்தது அதிலிருந்து எடுத்து, முறைமை மாற்றப்பட்ட பிரதி. அவர் அங்கேயே ஒரு கடையில் இலக்கமுறைக்கு மாற்றி வன்தட்டொன்றை அனுப்பி வைத்தார்.

எஃப்எஃப்எம்பெக்கோடு சேர்ந்து வரும் துணைக்கருவி எஃப்எஃப்புரோப். இது எதையும் மாற்றாது. கோப்பின் உள்ளே இருப்பதைச் சொல்லும். நீளம் எவ்வளவு, படத்தின் அகல உயரம் என்ன, விநாடிக்கு எத்தனை சட்டங்கள், ஒலி உண்டா என்பவற்றை ஒரு நொடியில் எழுதிக் காட்டும். எமக்கு மிக முக்கியமான தகவல் இதில்தான் இருக்கிறது. உயரம் 576 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டங்கள் என்றால் அக்கோப்பு பால் அல்லது செக்காம் நாடாவிலிருந்து வந்தது. உயரம் 480, விநாடிக்கு 29.97 என்றால் என்.டி.எஸ்.சி. நாடாவிலிருந்து வந்தது. கொழும்பில் நடந்த நிகழ்ச்சி ஒன்று 480 என்று காட்டினால், அது ஒரு தடவையேனும் கடையில் முறைமை மாற்றப்பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஐரோப்பாவில் உள்ள உறவினர் வீட்டில் அதைவிட நல்ல பிரதி இருக்கக்கூடும். எங்கள் எல்லாக் கோப்புகளையும் இவ்வாறு பரிசோதித்து ஒரு பட்டியலாக்க எனக்கு ஒரே வரி போதுமாயிருந்தது. இலங்கையில் எடுக்கப்பட்டும் 480 எனக் காட்டியவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் எழுதி, ஜேர்மனிக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பி விசாரித்தோம். ஆறுக்கு மூலப் பிரதி கிடைத்தது.

அவற்றுள் ஒன்று 1992ஆம் ஆண்டில் நடந்த சின்ன மாமியின் கலியாணம். எங்களிடம் இருந்தது கடையில் 'எடிற்' செய்த பிரதி. அந்நாளைய வழக்கப்படி, படம்பிடித்தவர்கள் மண்டபத்தின் இயல்பான ஒலியை முற்றாக நீக்கி, தொடக்கம் முதல் முடிவுவரை சினிமாப் பாடல்களை இட்டு நிரப்பியிருந்தனர். இருபூக்கள் ஒன்றோடொன்று முட்டும் காட்சியும் உண்டு. சித்தப்பாவிடம் இருந்ததோ எடிற் செய்யாத நாடா. அதில் பாட்டு இல்லை. நாதஸ்வரம் கேட்கிறது, குழந்தைகள் அழுகின்றன, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். நாற்பத்தோராவது நிமிடத்தில், கமரா பந்தி வைக்கும் பக்கம் திரும்பும்போது, படத்துக்கு வெளியே நின்று அப்பாச்சி பேசுகிறார். "பந்தி முடிஞ்சுதோ, பிள்ளையளெல்லாம் சாப்பிட்டிட்டினமோ?"

அப்பாச்சியின் குரல் பதிவான ஒரே இடம் அதுவென்று இப்போது நினைக்கிறோம். சினிமாப் பாட்டுக்கு அடியில் முப்பது ஆண்டுகளாக அது எங்கள் வீட்டில் இல்லாமலே இருந்திருக்கிறது. வாசகர்கள் தம் வீட்டில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நாடாக்கள் இருக்கக் கண்டால், ஒன்று போதுமென மற்றதை எறிந்துவிட வேண்டாம்.

பெரியம்மாவும் ஒன்பது தாள்களும்

கோப்பு எந்த முறைமை, எவ்வளவு நீளம் என்பவற்றைக் கருவி சொல்லிவிடும். படத்தில் நிற்பவர் யார் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. எங்கள் குடும்பத்தில் அதைச் சொல்லக்கூடியவர் பெரியப்பாவின் மனைவியான பெரியம்மா. 84 வயது. மூன்று மணிநேரப் பதிவைத் திரையின் முன் இருந்து பார்க்க அவருக்குக் கண்ணும் முதுகும் இடங்கொடா.

இதற்கும் எஃப்எஃப்எம்பெக்கிடமே வழி இருந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு படச்சட்டம் வீதம் நிழற்படமாக எடுத்துத் தா என்று கேட்கலாம். மூன்று மணிநேர நாடாவுக்கு 180 படங்கள். அவற்றைக் குறுக்கே நான்கு, கீழே ஐந்து என்று ஒரு தாளுக்கு இருபதாகத் தானே அடுக்கியும் தரும். ஒன்பது தாள்கள். அச்சிட்டு, பேனையோடு பெரியம்மாவின் முன் வைத்தேன். கணனி அவர் பக்கத்திற்கூட இருக்கவில்லை.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு முகத்தைக் கண்டு பெயர் சொல்லத் தொடங்கியவர், அவருடைய வளவு, அவர் படித்த பள்ளிக்கூடம், அவர் காணி விற்றது, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரலாறு சொன்னார். கைத்தொலைபேசியில் அவர் குரலையும் பதிந்துகொண்டேன். அந்த ஒலிக்கோப்பும் இப்போது அக்கலியாணத்தின் கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. நான் முதலில் வைத்திருந்த பெயர்கள் 'சின்ன மாமி கலியாணம்', 'பெரியப்பா அறுபதாம் கலியாணம்' என்றவாறு இருந்தன. பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கையில்தான் அதன் பேதைமை உறைத்தது. எனக்குச் சின்ன மாமி, என் மகளுக்கு யார்? அவள் பிள்ளைகளுக்கு யார்? உறவுமுறைச் சொல் சொல்பவரோடு ஒட்டியது. சொல்பவர் போனபின் அது யாரையும் சுட்டாது. நாம் பெயர் சொல்லாமல் முறை சொல்லி அழைத்தே வளர்ந்த சமூகம். அதனால் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் கோப்பில் முழுப்பெயரையும் ஊரையும் எழுதாவிடின் ஒன்றும் எழுதாததற்குச் சமம். ஊரில் வழங்கிய பட்டப்பெயரையும் உடன் எழுத வேண்டும். ஒரே பெயரில் நால்வர் இருந்த ஊரில் பட்டப்பெயர்தான் உண்மையான அடையாளம்.

பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆறாந் தாளில் சிவப்புச் சேலை உடுத்து, மணப்பெண்ணின் தலையைச் சரிசெய்கின்ற ஒருவரைக் காட்டி, "தம்பி, இவவை நாங்கள் கிளாக்கற்றை பெண்சாதி எண்டுதான் சொல்லுறது" என்றார் பெரியம்மா. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். வரவில்லை. கணவரின் தொழிலால் அறியப்பட்டு, பிறகு மூத்த பிள்ளையின் பெயரோடு 'அம்மா' சேர்த்து அறியப்பட்டு, சொந்தப் பெயரே வழக்கொழிந்துபோன ஒருவர். இரண்டு நாள் கழித்து இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பெரியம்மாதான். அந்தப் பெயர் நினைவுக்கு வந்துவிட்டதாம். விடியும்வரை வைத்திருந்தால் மறந்துபோகுமாம். எழுதிக்கொண்டேன். அட்டவணையில் 112ஆம் வரியில் அப்பெயர் இருக்கிறது.

அந்த அட்டவணை ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணனியிலும் எந்தச் செயலியும் இன்றித் திறக்கக்கூடியது. ஒரு நிரையில் ஒரு பதிவு. நிரல்களாக: பழைய கோப்புப் பெயர், திகதி, இடம், நிகழ்ச்சி, மனிதர்கள், நாடா யாரிடமிருந்து வந்தது, அடையாளம் சொன்னவர் யார். நிரப்பி முடித்தபின் கட்டளை வரியில் சிறியதொரு சுழற்சி எழுதினேன். ஒவ்வொரு நிரையாக வாசி. முதல் நிரலில் உள்ள பெயரைக் கண்டுபிடி. அதை அடுத்த நிரல்களிலிருந்து கோத்த புதுப்பெயராக மாற்று. முதலில் ஒத்திகை, பின்னர் உண்மை. 190 கோப்புகள் இரண்டு விநாடியில் பெயர் பெற்றன. கைகளால் செய்திருந்தால் வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதைவிட, பாதியில் களைத்து விட்டிருப்பேன்.

புதுப்பெயர் ஆண்டில் தொடங்குகிறது: 1992, பின் மாதம், பின் நாள். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரநிலை 1988 முதல் வலியுறுத்தி வரும் ஒழுங்கு இது. இவ்வாறு எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். கணனி தானாகக் காட்டும் திகதியை மட்டும் நம்பாதீர்கள். அது நாடாவை இலக்கமுறைக்கு மாற்றிய நாள். கலியாணம் நடந்த நாள் அன்று. சில கோப்புகள் 1904ஆம் ஆண்டில் பிறந்ததாகவும் சாதித்தன. அக்கோப்பு வகையில் காலக்கணக்கு 1904 ஜனவரி 1இல் தொடங்குகிறது. திகதி எழுதப்படாதபோது அந்தப் பூச்சியமே திகதியாகத் தெரிகிறது. ஆண்டு தெரியாதவற்றுக்கு நான் '0000' என்று இட்டேன். அவை எப்போதும் பட்டியலின் தலையில் வந்து நின்று தம்மை நினைவூட்டும்.

தமிழ்ப் பெயர்கள்

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டேன். இன்றைய கணனிகள் யாவும் ஒருங்குறியை ஏற்பதால் தடையேதும் இல்லை. ஆயினும் இரண்டு இடங்களில் இடறினேன். அப்பா 1999இல் தட்டி வைத்திருந்த பழைய பட்டியல் ஒன்று கிடைத்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டுமே. அது பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணனிக்கு அது தமிழே அன்று. பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் உள்ளன. மாற்றியவுடன் ஒன்பது நாடாக்களின் திகதிகள் துலங்கின. வாசகர்களிடம் அக்காலப் பட்டியல்கள் இருப்பின், குப்பை என்று அழித்துவிட வேண்டாம்.

மற்றது நுட்பமானது. 'கொழும்பு' என்று தேடினேன். சில கோப்புகள் அகப்படவில்லை. கண்ணுக்கு ஒரேவிதமாகத் தெரியும் 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியாக ஒருவகை. கொம்பு வேறு, அரவு வேறு என இரண்டு குறிகளாக மற்றொரு வகை. லண்டனிலிருந்து மைத்துனர் தன் கணனியில் பெயரிட்டு அனுப்பியவை இரண்டாம் வகையில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிய பின்னரே தேடல் ஒழுங்காயிற்று.

இப்போது 'கிரெப்' என்னும் தேடற் கட்டளையில் ஒருவருடைய பெயரைத் தட்டினால், அவர் எந்தெந்தப் பதிவுகளில் நிற்கிறார் என்பது வரிசையாக வருகிறது. அப்பா அதைச் செய்யப் பழகிவிட்டார். பெரும்பாலும் காலமான நண்பர்களின் பெயர்களையே தட்டுகிறார்.

மூன்று நாடுகளில்

தொகுப்பு முழுவதையும் மூன்று வன்தட்டுகளில் வைத்துள்ளோம். ஒன்று இங்கே, ஒன்று ஜேர்மனியில், ஒன்று லண்டனில். பிரதி மூன்று, அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் என்பது காப்பகத்தார் சொல்லும் விதி. சிதறி வாழ்வதில் எமக்குக் கிடைத்த வசதி இதுவொன்று. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஷா-256' என்ற முறையில் 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையைக் கணித்துத் தனிக் கோப்பில் எழுதியுள்ளேன். ஆண்டுக்கு ஒரு தடவை மூன்று வீடுகளிலும் ஒரு கட்டளையை இயக்கினால், ஏதேனும் ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். கெட்டுப்போனதை மற்ற வீட்டிலிருந்து எடுத்து நிரப்பலாம்.

இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இவற்றை ஏற்றலாமே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நான் உடன்படவில்லை. அந்தக் கலியாணங்களில் நிற்பவர்களுட் பலர், அந்த ஆண்டில் அந்த இடத்தில் தாம் இருந்ததை வெளியே சொல்ல விரும்பாதவர்கள். விருந்துக்கு வந்தவரின் முகத்தை உலகுக்குக் காட்ட எமக்கு யார் அனுமதி தந்தார்? கேட்பவருக்குக் கோப்பாகக் கொடுப்போம்.

எங்கள் பட்டியலின் தலையில் '0000' என்ற எண்ணோடு இன்னும் ஒரு பதிவு நிற்கிறது. பால் முறைமை, இருபத்தாறு நிமிடம். சிறிய மண்டபம் ஒன்றில் குழந்தையின் முதலாவது பிறந்தநாள். தாய் நீலச் சேலையில் இருக்கிறார். தகப்பன் கேக்கை வெட்டக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொடுக்கிறார். பெரியம்மாவுக்கும் தெரியவில்லை, சித்தப்பாவுக்கும் லண்டனில் உள்ளவர்களுக்கும் தெரியவில்லை. எங்கள் உறவினரே அல்லர். ஏதோவொரு கடையில், ஏதோவொரு நாளில் நாடாக்கள் மாறிப்போயிருக்க வேண்டும். அவர்களிடம் வேறு பிரதி இருக்கிறதோ இல்லையோ. அந்தப் பதிவின் படத்தாளை மடித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். கலியாணவீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வயதானவர்களைக் காணும்போது எடுத்துக் காட்டுகிறேன்.